குடியாத்தம் சாலையில் ஒரு டாக்டர் அம்மாள்



ஆண்டு மலர் கைக்கு வந்ததும் நாம் எல்லாரும் முதலில் புரட்டிப் பார்ப்பது எந்தப் பக்கத்தை? பரிசு பெற்றோர் பட்டியலைத்தான்! முதல் மதிப்பெண் யாருக்கு, ஓட்டப் பந்தயத்தில் கோப்பை யாருக்கு, பேச்சுப் போட்டியில் வென்றது எந்த வகுப்பு என்று தேடித் தேடிப் படிக்கிறோம். நம் பெயர் இருந்தால் மகிழ்ச்சி. தோழியின் பெயர் இருந்தாலும் மகிழ்ச்சிதான். இந்த மலரில் அந்தப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே வைத்துப் படிக்கத்தக்க இன்னொரு வெற்றிக் கதையைச் சொல்ல விரும்புகிறோம். நூறு ஆண்டுகளுக்கு முன், நம் ஊருக்கு அருகிலேயே, பதினான்கு மாணவியர் சேர்ந்து பெற்ற வெற்றி அது. அவர்களை உருவாக்கிய ஆசிரியை, நம் குடியாத்தம் சாலையின் புழுதியை நன்கு அறிந்தவர். அவர்தாம் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அறியாதவர் நம்மிடையே இல்லை. நம் வீடுகளில் ஒருவராவது அங்கே போய் வந்திருப்பார். சி.எம்.சி. என்ற மூன்று எழுத்துகள் நம் வீட்டுப் பேச்சில் கலந்துவிட்டன. ஆனால் அந்த மாபெரும் மருத்துவமனை ஒரு சிறு அறையில் தொடங்கியது என்பதும், அதைத் தொடங்கியவர் முதலில் மருத்துவராகவே விரும்பாத ஒரு பெண் என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது.

ஐடா 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் ராணிப்பேட்டையில் பிறந்தார். இன்று அது தனி மாவட்டத்தின் தலைநகர். அன்று வடஆர்க்காட்டின் ஒரு சிற்றூர். தந்தை டாக்டர் ஜான் ஸ்கடர். தாய் சோபியா அம்மையார். பாட்டனாரும் ஜான் ஸ்கடர் என்ற பெயருடைய மருத்துவரே. அவர் 1819-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவை விட்டுக் கப்பலேறி, முதலில் இலங்கையின் யாழ்ப்பாணப் பகுதியிலும் பின்னர் தமிழகத்திலும் மருத்துவ ஊழியம் செய்தவர். அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணுக்கே தங்களைக் கொடுத்தார்கள்.

ஐடாவுக்கு ஆறு, ஏழு வயதானபோது, 1876 முதல் 1878 வரை, தென்னாட்டைப் பெரும் பஞ்சம் வாட்டியது. ஏரிகள் வறண்டன, மாடுகள் மாண்டன, கஞ்சித் தொட்டிகளின் முன் மக்கள் எலும்பும் தோலுமாக நின்றார்கள். அந்தச் சிறுமி தன் கையாலேயே ரொட்டியைப் பிய்த்துப் பசித்த குழந்தைகளின் வாயில் ஊட்டினாள். எழுந்து வந்து வாங்கிக்கொள்ளக்கூட அக்குழந்தைகளுக்கு வலுவில்லை. விளையாடும் வயதில் கண்ட அந்தக் காட்சி அவள் நெஞ்சில் ஆறாத வடுவாகப் பதிந்தது.

அதன்பின் குடும்பத்தோடு அமெரிக்கா சென்ற ஐடா, அங்கே வளர்ந்து, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நார்த்ஃபீல்டு என்னும் ஊரிலிருந்த பெண்கள் பள்ளியில் படித்தார். சிரிப்பும் குறும்பும் நிறைந்த மாணவி. இந்தியாவுக்குத் திரும்பவே அவருக்கு விருப்பமில்லை. குடும்பத்தில் எல்லாரும் ஊழியத்துக்குப் போனால் போகட்டும்; தாம் மட்டும் அமெரிக்காவில் திருமணம் செய்துகொண்டு வசதியாக வாழ வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். மாணவியரே, பெரியோர் எல்லாரும் பிறக்கும்போதே பெரியோராகப் பிறப்பதில்லை. உங்களைப் போலவே அவர்களுக்கும் ஆசைகள் இருந்தன, தயக்கங்கள் இருந்தன.

1890-ஆம் ஆண்டில் தாயாரின் உடல்நிலை கெட்டதால், அவருக்கு உதவியாகச் சில காலம் மட்டும் இருந்து திரும்பும் எண்ணத்துடன் ஐடா திண்டிவனத்துக்கு வந்தார். அங்கே ஓர் இரவில் நடந்த நிகழ்ச்சி அவர் வாழ்க்கையையே திருப்பிவிட்டது.

அன்றிரவு ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பேர் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், இன்னொருவர் மற்றொரு உயர்குல இந்து. மூவருடைய துயரமும் ஒன்றே. வீட்டில் மனைவி பிரசவ வேதனையில் துடிக்கிறாள். மருத்துவச்சியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஐடா வந்து காப்பாற்ற வேண்டும். தமக்கு மருத்துவம் தெரியாது, தந்தைதாம் டாக்டர், அவரை அழைத்துச் செல்லுங்கள் என்று ஐடா ஒவ்வொருவரிடமும் மன்றாடினார். தாமும் உடன் வந்து உதவுவதாகவும் சொன்னார். ஆனால் வேற்று ஆடவர் தங்கள் வீட்டுப் பெண்ணைத் தொடுவதற்கு மூவருமே இசையவில்லை. தலை குனிந்து திரும்பிப் போனார்கள்.

அந்த இரவு ஐடாவுக்கு உறக்கம் வரவில்லை. விடிந்ததும் தெருவில் சாவு மேளம் கேட்டது. விசாரித்து வரச் சொன்னார். மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

அந்த மூன்று பெண்களின் பெயர்களும் நமக்குத் தெரியா. எந்த ஏட்டிலும் அவை இல்லை. மூவரும் வெவ்வேறு வழியில் கடவுளைத் தொழுதவர்கள். ஒரே காரணத்தால் மாண்டவர்கள். அவர்களுக்கு மருத்துவம் செய்ய ஒரு பெண் டாக்டர் இல்லை. வேலூர் மருத்துவமனையின் முதல் அடிக்கல் அந்த மூவரின் மரணமே என்று நாம் கருதினால் தவறாகாது. ஐடா நெடுநேரம் அறையைச் சாத்திக்கொண்டு செபித்தார். பிறகு பெற்றோரிடம் வந்து, தாம் மருத்துவம் படித்துவிட்டு இந்தியாவுக்கே திரும்பி வரப் போவதாகத் தெரிவித்தார்.

1895-இல் பிலடெல்பியா நகரிலிருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர் நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொள்ள முன்வந்ததும் அங்கே மாறி, 1899-இல் பட்டம் பெற்றார். அக்கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் பெண்களுள் அவர் ஒருவர். புறப்படுமுன் வேலூரில் பெண்களுக்கு ஒரு மருத்துவமனை கட்டப் பணம் திரட்ட முயன்றார். ஷெல் என்ற முதியவர், காலமான தம் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலரை வழங்கினார்.

1900-ஆம் ஆண்டின் புத்தாண்டு வேளையில் ஐடா வேலூருக்கு வந்து சேர்ந்தார். அவருடன் ஆனி ஹான்காக் என்ற தோழியும் வந்தார். தந்தையிடம் உடனிருந்து தொழில் பழகலாம் என்று நம்பி வந்த ஐடாவுக்குப் பெரிய இடி காத்திருந்தது. வந்த சில மாதங்களிலேயே தந்தையார் காலமானார். மருத்துவமனை இன்னும் கட்டப்படவில்லை. அனுபவமும் இல்லை. பெண் டாக்டரா என்று ஊரார் ஐயத்தோடு பார்த்தார்கள். ஆயினும் வீட்டில் ஒரு சிறு அறையையே மருந்தகமாக்கி வேலையைத் தொடங்கினார். மருந்து கலந்து கொடுக்கவும் கட்டுப் போடவும் அருகிலிருந்த சலோமி என்ற பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்தார். முதலில் ஒருவர் இருவராக வந்தவர்கள் பிறகு திண்ணை நிறையக் கூடினார்கள். இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ 5,000 நோயாளிகளுக்கு மருத்துவம் நடந்தது. 1902-இல் நாற்பது படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

இனி நம் ஊருக்கு வருவோம்.

வேலூரில் உட்கார்ந்திருந்தால் போதாது, கிராமங்களுக்குப் போக வேண்டும் என்று ஐடா கண்டுகொண்டார். ஆஸ்பத்திரிக்கு வர வண்டிக்கூலி இல்லாதவர்கள், வர அஞ்சியவர்கள், கைக்குழந்தையை விட்டு வர முடியாதவர்கள் எத்தனையோ பேர்! ஆகவே வாரத்தில் ஒரு நாள் குடியாத்தத்துக்கு வந்து நோயாளிகளைப் பார்க்கலானார். 1909-ஆம் ஆண்டு வாக்கில் அவருக்கு ஒரு மோட்டார் கார் கிடைத்தது. அந்நாளில் நம் பக்கத்து மக்களுள் பலர் மோட்டாரைக் கண்ணால் கண்டதில்லை. மாடு இல்லாமல் ஓடும் வண்டியைப் பார்த்துப் பேய் என்று அலறி வயல்களுக்குள் ஓடினார்களாம்!

ஆனால் அச்சம் நெடுநாள் நிற்கவில்லை. கார் வரும் நாளைத் தெரிந்துகொண்டு, சாலையோரத்தில் மரநிழலில் மக்கள் காத்திருக்கலானார்கள். கண் நோய், சிரங்கு, ஆறாத புண், காய்ச்சல், தொழுநோய் என்று பல நோய்கள். டாக்டர் அம்மாள் இறங்குவார், மருந்துப் பெட்டி திறக்கப்படும், மரத்தடியே ஆஸ்பத்திரியாகும். ஒரு மரத்தடியில் பார்த்து முடித்து ஏறினால் அடுத்த மரத்தடியில் இன்னொரு கூட்டம். இப்படி நின்று நின்று ஊர் வந்து சேர்ந்து, இங்கே காத்திருந்தவர்களையும் பார்த்துவிட்டு, இருட்டிய பின் திரும்புவார். இந்தச் சாலையோர மருந்தகம்தான் பின்னாளில் வேலூர் மருத்துவமனையின் கிராமப் பணி முழுவதற்கும் வித்தாயிற்று. நம் பக்கத்துக் கே.வி.குப்பத்தில் 1977-இல் தொடங்கப்பட்ட ஊரக நலப்பணி மையமும், 1955-இல் காட்பாடிக்கு அப்பால் கரிகிரியில் எழுந்து குடியாத்தம் வட்டத்துத் தொழுநோயாளிகளைத் தேடி வந்த தொழுநோய் நிலையமும் அவ்வழியில் வந்தவையே.

அடுத்தமுறை லத்தேரி வழியாகப் பேருந்தில் வேலூர் போகும்போது சாலையோரப் புளிய மரங்களைச் சற்றே பாருங்கள். அத்தகைய மரங்களின் அடியில்தான் நம் பாட்டிமாரின் பாட்டிமார் கைக்குழந்தையோடு காத்திருந்தார்கள்.

இப்பொழுது நாம் முதலில் சொன்ன அந்தப் பதினான்கு மாணவியரின் கதைக்கு வருகிறோம்.

எத்தனை மரத்தடிகளில் நின்றாலும் தாம் ஒருத்திதானே என்ற கவலை ஐடாவை வாட்டியது. இரண்டு கைகளால் எத்தனை பேரைத் தொட முடியும்? இந்த நாட்டுப் பெண்களுக்கு இந்த நாட்டுப் பெண்களே மருத்துவராக வேண்டும். அதுவே நிலையான வழி என்று உணர்ந்தார். 1909-இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அடுத்துப் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்க அனுமதி கேட்டார்.

அந்நாளில் பெண்கள் மருத்துவம் படிப்பது முற்றிலும் புதுமை அன்று. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-ஆம் ஆண்டிலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் அங்கே படித்து 1912-இல் பட்டம் பெற்றார். வடக்கே லூதியானாவில் 1894-இலிருந்து பெண்களுக்கு மருத்துவப் பள்ளி நடந்து வந்தது. ஆயினும் தமிழ்நாட்டின் சிற்றூர்ப் பெண்ணுக்கு அவை எட்டாக் கனிகளே. அவளுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி தேவைப்பட்டது.

சென்னை மாகாணத்தின் மருத்துவத் துறைத் தலைவராயிருந்த கர்னல் பிரைசனுக்கு இதில் அதிக நம்பிக்கை இல்லை. பெண்கள் மூன்று பேர்கூட வரமாட்டார்கள் என்று அவர் எண்ணினார். ஆறு பேராவது விண்ணப்பித்தால் தொடங்கிக்கொள்ளலாம் என்று இசைவு தந்தார். விண்ணப்பங்களோ வந்து குவிந்தன! அவர்களுள் பதினேழு பேரை மட்டுமே சேர்க்க முடிந்தது. 1918-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், சென்னை ஆளுநர் பென்ட்லண்டு பிரபு முன்னிலையில் பள்ளி தொடங்கப்பட்டது.

பள்ளி என்று சொல்கிறோமே தவிர, அங்கே என்ன இருந்தது? சொந்தக் கட்டடம் இல்லை, வாடகை வீடுகள். புத்தகங்கள் சில; எலும்புகள் சில; ஒரு நுண்ணோக்கி. பேராசிரியர் என்று சொல்ல ஐடாவும் விரல் விட்டு எண்ணத்தக்க சிலருமே. பகலெல்லாம் அறுவைச் சிகிச்சை, நோயாளிகள், வாரத்தில் ஒரு நாள் குடியாத்தம் சாலை. இரவில் விளக்கடியில் மறுநாள் பாடத்துக்குத் தயாரிப்பு. மாணவியரும் எளிய குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். உடற்கூறு இயலை ஆங்கிலத்தில் படிப்பது மலையேறுவது போலிருந்தது. முதல் ஆண்டிலேயே மூவர் விலகிவிட்டனர். பதினான்கு பேர் நிலைத்தனர்.

முதல் ஆண்டுத் தேர்வு வந்தது. மாகாணம் முழுவதிலுமுள்ள மருத்துவப் பள்ளிகளின் ஆண் மாணவர்களோடு சேர்ந்து அதே வினாத்தாள்களுக்கு இவர்களும் விடையெழுத வேண்டும். ஆண்களிலேயே மிகப் பலர் தவறிவிடும் தேர்வு அது. ஆகவே, பெண்கள் ஒருவரும் தேறாவிட்டாலும் மனம் தளர வேண்டாம் என்று கர்னல் பிரைசன் முன்கூட்டியே ஐடாவுக்கு ஆறுதல் சொல்லி வைத்தார்.

முடிவு வெளியானது. ஆண்களுள் ஐந்தில் ஒருவரே தேறியிருந்தார். வேலூர் மாணவியர் பதினான்கு பேர் எழுதினார்கள். பதினான்கு பேரும் தேறினார்கள்!

மாணவியரே, அந்த மகிழ்ச்சியை நீங்கள்தாம் நன்கு உணர முடியும். தேர்வு முடிவு வரும் காலையில் பள்ளி வாயிலில் நிற்கும் அந்தப் படபடப்பை நாம் அறிவோம். தன் எண்ணைப் பார்த்துவிட்டுத் துள்ளிக் குதிக்கும் பெண், அடுத்த நொடியே பக்கத்திலிருப்பவளின் முகத்தைப் பார்க்கிறாள். அங்கே கண்ணீர் இருந்தால் இவளுடைய சிரிப்பும் பாதியாகிவிடுகிறது. அன்று வேலூரில் அப்படிப் பாதியான சிரிப்பு ஒன்றுகூட இல்லை. ஒரு வகுப்பே தேறியது. முதலிடம் பெற்றவர் பெயரை விட, ஒருவரும் பின்தங்கவில்லை என்பதையே இன்றுவரை உலகம் பேசுகிறது. ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பார்கள். வகுப்பு கூடினால்தான் பள்ளி உயரும்.

1922-இல் அந்தப் பதினான்கு பேரும் எல்.எம்.பி. என்னும் மருத்துவச் சான்றிதழ் பெற்று வெளியேறினார்கள். பட்டமளிப்பு நாளில் ஐடா அவர்களுக்குப் புகழையும் பொருளையும் வாக்களிக்கவில்லை. போகும் வழி கடினமானது என்றும், தோல்விகளும் நன்றியின்மையும் எதிர்ப்படும் என்றும், துன்புறுவோருக்குப் பணி செய்வதே தங்களுக்குக் கிடைத்த பேறு என்றும் நினைவூட்டி அனுப்பினார். பணிவிடை பெறுவதற்கு அல்லாமல் பணிவிடை புரியவே வந்த ஆண்டவரின் வழிதான் அக்கல்லூரியின் குறிக்கோளாக இன்றும் உள்ளது.

அதன் பின்னரும் சோதனைகள் ஓயவில்லை. பள்ளி வளர்ந்தது. பணம் வேண்டியிருந்தது. அமெரிக்காவில் பீபாடி அம்மையார் போன்ற பெண்கள், கீழ்த்திசை நாடுகளின் பெண்கள் கல்லூரிகளுக்காக வீடு வீடாக, கோயில் கோயிலாக நிதி திரட்டினார்கள். ஏழை மூதாட்டியர் அளித்த சிறு காசும் அதில் சேர்ந்தது. டாட் அம்மையார் என்ற செல்வச் சீமாட்டி தம் பணத்தைக் கொடுத்ததோடு நில்லாமல், வேலூரிலேயே வந்து தங்கிக் கணக்கெழுதும் வேலையையும் ஏற்றுக்கொண்டார். பாகாயத்தில் மலையடிவாரத்தில் நிலம் வாங்கப்பட்டு, 1928-இல் கட்டட வேலை தொடங்கியது.

1930-களின் இறுதியில் பேரிடி விழுந்தது. எல்.எம்.பி. படிப்பு இனிச் செல்லாது, எம்.பி.பி.எஸ். பட்டம்தான் வேண்டும் என்று அரசு முடிவு செய்தது. அதற்கேற்ற பேராசிரியர்களும் ஆய்வுக்கூடங்களும் படுக்கைகளும் இல்லையென்றால் கல்லூரியை மூட வேண்டியதுதான். ஐடாவுக்கு அப்போது வயது எழுபதை எட்டிக்கொண்டிருந்தது. ஓய்வெடுக்கலாம் என்று யார் சொன்னாலும் தவறாகாது. ஆனால் அவர் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941-ஆம் ஆண்டில் கப்பலேறி அமெரிக்கா சென்று, ஊர் ஊராகப் பேசி உதவி கேட்டார். இங்கே எஞ்சியவர்கள் விடாமுயற்சியோடு உழைத்தார்கள். 1942-இல் எம்.பி.பி.எஸ். வகுப்புக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அனுமதி கிடைத்தது. பல திருச்சபைகள் ஒன்றுகூடி ஆதரிக்க வேண்டிய நிலை வந்தபோது, ஆண்களையும் சேர்ப்பது என்ற முடிவும் எடுக்கப்பட்டது. பெண்களுக்கென்றே தொடங்கிய நிறுவனம் அப்படி மாறுவதில் அவருடைய பழைய நண்பர்கள் சிலருக்கே மனவருத்தம். ஐடாவுக்கும் அது எளிதாக இல்லை. ஆயினும் கல்லூரி நிலைத்தால்தான் பெண்களுக்கும் இடம் நிலைக்கும் என்று ஏற்றுக்கொண்டார். 1947-இல் முதல் ஆண் மாணவர்கள் சேர்ந்தனர். அதற்குள் அவர் தலைமைப் பொறுப்பை விட்டு விலகியிருந்தார். இந்திய மங்கையான டாக்டர் ஹில்டா லாசரஸ் அப்பொறுப்புக்கு வந்தார். தாம் தொடங்கிய பணியை இந்த நாட்டுப் பெண்ணின் கையில் ஒப்படைத்ததே ஓர் ஆசிரியைக்குக் கிடைக்கும் பெரும் பரிசல்லவா?

ஓய்வுக்குப்பின் கொடைக்கானலில் வாழ்ந்தார். பூச்செடிகள் வளர்ப்பதிலும் டென்னிஸ் ஆடுவதிலும் அவருக்கு அளவற்ற விருப்பம். முதுமையிலும் மட்டையைக் கீழே வைக்கவில்லை. விளையாட்டுப் பாடவேளையில் தலைவலி என்று வகுப்பிலேயே உட்கார்ந்துவிடும் சில மாணவியருக்கு இச்செய்தியை அன்போடு அனுப்புகிறோம்! அவர் பெயரையும் இந்தியா என்ற நாட்டின் பெயரையும் மட்டுமே முகவரியாக எழுதிய கடிதம் ஒன்று வழி தவறாமல் அவரிடம் வந்து சேர்ந்ததாம். 1960-ஆம் ஆண்டு மே மாதத்தில், தமது 89-ஆம் வயதில், இறைவனடி சேர்ந்தார். அவர் பிறந்த ராணிப்பேட்டைக்கு அருகில், 2022-ஆம் ஆண்டில், அவருடைய மருத்துவமனையின் புதிய வளாகம் ஒன்று திறக்கப்பட்டது. சிறுமியாகப் புறப்பட்ட இடத்துக்கே பணி திரும்பி வந்துவிட்டது.

ஐடா அம்மையார் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர். அவருடைய கதையை நம் மலரில் ஏன் எழுத வேண்டும் என்று யாரேனும் கேட்கலாம். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் சாலையில் அடிபட்டுக் கிடந்தவனைப் பார்த்து நின்றவர் யார்? பக்கத்துக் கோயிலைச் சேர்ந்தவரா? இல்லையே! வேற்று இனத்தவரான சமாரியர்தாம் நின்றார். குடியாத்தம் சாலையில் நின்ற இந்த அம்மையாரை நினைக்கும்போது நமக்கு அந்த உவமையே நினைவுக்கு வருகிறது. நம் திருச்சபையிலும் இதே தாகம் கொண்ட பெண்கள் எழுந்தார்கள். ஸ்காட்லாந்து நாட்டு டாக்டர் ஆக்னஸ் மக்லாரன் அம்மையார் ராவல்பிண்டியில் பெண்களுக்கு மருத்துவமனை அமையப் பாடுபட்டார். அவரைப் பின்பற்றிய டாக்டர் அன்னா டெங்கல் 1925-இல் மருத்துவப் பணிக்கென்றே ஒரு சபையை நிறுவினார். துறவற சபைச் சகோதரிகள் முழு அளவில் மருத்துவமும் பிரசவமும் பார்க்க 1936-இல் உரோமை இசைவளித்தது. இன்று மருத்துவமனைகளில் வெள்ளுடையில் நம் அருட்சகோதரிகளைக் காண்கிறோமே, அந்தக் கதவும் இப்படிப்பட்ட பெண்களின் போராட்டத்தால் திறந்ததுதான்.

பெற்றோரே, உங்களிடம் ஒரு சொல். நம் பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் பலர் தறிவீட்டிலிருந்து வருகிறார்கள். பீடி சுற்றும் தாயின் மடியிலிருந்தும், தீப்பெட்டித் தொழில் செய்யும் வீட்டிலிருந்தும், பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் தோல் பதனிட்டும் ஷூ தைத்தும் களைத்து வரும் பெற்றோரின் கையைப் பிடித்தும் வருகிறார்கள். பத்தாம் வகுப்பு முடிந்ததும் போதும் என்று சொல்லத் தோன்றுவது உங்கள் குற்றமன்று. குடும்ப பாரம் அப்படி. ஆனால் அந்தப் பதினேழு பேரில் மூவர் விலகியதை நினைத்துப் பாருங்கள். அவர்கள் பெயர் ஒருவருக்கும் தெரியாது. நிலைத்தவர்களும் உங்கள் பெண்களைப் போல எளிய வீட்டுப் பெண்களே. அவர்களைப் பெற்றவர்கள் ஊராரின் பேச்சைப் பொறுத்துக்கொண்டு, நான்கு ஆண்டுகள் பொறுமையாக இருந்தார்கள். அவ்வளவுதான். அந்தப் பொறுமையால் எத்தனை தாய்மார் பிழைத்தார்கள் என்பதை யாரால் எண்ண முடியும்?

மாணவியரே, உங்களிடமும் ஒன்று கேட்கிறோம். இந்த மலரில் உங்கள் பெயர் அச்சாகியிருந்தால் மகிழுங்கள். அது உங்கள் உழைப்பின் பலன். பிறகு உங்கள் வகுப்பில் பின் வரிசையில் உட்காரும் தோழி யார் என்று பாருங்கள். கணக்கு வராமல் திணறுபவள், கட்டணம் கட்டாததால் முகம் வாடியிருப்பவள், நாளையோடு நின்றுவிடுவாளோ என்று ஆசிரியையர் அஞ்சும் பெண், இவர்களுள் ஒருத்தி நிச்சயம் அங்கே இருப்பாள். மாலையில் அரைமணி நேரம் அவளோடு உட்காருங்கள். அடுத்த ஆண்டு மலரில் முதலிடம் பெற்றவர்களின் பட்டியலோடு, ஒருவர்கூட விடாமல் தேறிய வகுப்புகளின் பட்டியலும் இடம்பெற வேண்டும் என்பதே எங்கள் ஆசை.

திண்டிவனத்தில் அன்று மூன்று கதவுகளுக்குப் பின்னே மூன்று பெண்கள் காத்திருந்தார்கள். உதவி போய்ச் சேரவில்லை. இன்றும் எங்கோ ஒரு கதவுக்குப் பின்னே யாரோ ஒருத்தி காத்திருக்கிறாள். அவளுக்குத் தேவை டாக்டராக இருக்கலாம், ஆசிரியையாக இருக்கலாம், சட்டம் தெரிந்த ஒருத்தியாக இருக்கலாம், அன்பாகப் பேசும் ஓர் அண்டை வீட்டுப் பெண்ணாகவும் இருக்கலாம். அவளிடம் போய்ச் சேரும் கால்கள் நம் பள்ளி வகுப்பறைகளில்தான் இப்போது பெஞ்சுக்கடியில் ஆடிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கால்களை ஆண்டவர் தம் வழியில் நடத்துவாராக!